எனக்கு நாற்காலி வேண்டாம்

எங்கள் பள்ளிவாசலின் பின்சுவர் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். முட்டி தேய்ந்தவர்களும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் உட்கார்ந்து தொழுவதற்கு. அவர்களுக்கு அது அருள், நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னை எதற்கு அதில் பிடித்து உட்கார வைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் இடது முட்டி கொஞ்சம் வலித்தது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எழும்போது "யா அல்லா" என்று முனகிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தது. போட்டவன் என் நண்பன், தொழிற்சாலை பஸ்ஸில் காலமெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கியவன். கைக்குட்டையால் துடைத்தும் வைத்திருந்தான்.

"உட்காருங்க நானா. இந்த வயசுல என்னத்துக்கு சிரமம்?"

பெரியவர் என்று மரியாதை செய்கிறான், எப்படி மறுப்பது? உட்கார்ந்தேன்.

உடம்பு அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டது. பள்ளிவாசலில் நாற்காலி, வீட்டில் சாய்வு நாற்காலி, குளியலறையில் மகள் வாங்கிப்போட்ட முக்காலி. தரை என்று ஒன்று இருப்பதையே கால்கள் மறந்துவிட்டன. ஒருநாள் கட்டிலுக்கடியில் போன செருப்பை எடுக்கக் குனிந்து உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. மனைவி வந்து இழுத்துத் தூக்கினாள். எனக்கு அவமானத்தைவிட பயம்தான் அதிகம். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்காமலே என் மிச்ச ஆயுள் போய்விடுமோ என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

கிளினிக்கில் உடற்பயிற்சி சிகிச்சை பார்க்கும் மலாய்ப் பெண் என் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். முட்டியில் பெரிய கோளாறில்லை, தொடைச் சதைதான் வேலையில்லாமல் சோர்ந்து கிடக்கிறது என்றார். தினமும் நடக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட வேண்டும். இவ்வளவுதான் மருந்து. மறுபடி தரையில் தொழ முடியுமா என்று கேட்டேன்.

"பொலே, பக்சிக். பெலான் பெலான்" என்றார். பெரியவரால் முடியுமாம், மெதுவாக.

மெதுவாக நடக்க நம் ஊர் விட்டால்தானே! டத்தோ கிராமாட்டில் காலையில் வீட்டைவிட்டு இறங்கினால் கடைகளின் முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதை நெடுக மோட்டார் சைக்கிள்களும் பூந்தொட்டிகளும். மனிதன் நடக்கக் கட்டிய இடத்தில் மனிதனைத் தவிர எல்லாம் இருக்கிறது. சரி, ரோட்டோரமாக நடந்தால் தெரிந்தவன் ஒவ்வொருவனும் பிரேக் போடுகிறான்.

"என்ன நானா, கார் ரோசாக்கா? ஏறுங்கலா!"

கார் பழுதானால்தான் காலுக்கு வேலை என்று இவர்களுக்கு எவன் சொல்லிக்கொடுத்தான்? நடக்கத்தான் வந்தேன் என்றால் நம்புவதில்லை. வீட்டில் சண்டையா என்று ஒருவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். இத்தனைக்கும் இவர்களே ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் காரில் போய், வாசலை ஒட்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அரைச் சுற்று நடந்துவிட்டு ரொட்டி சானாய்க்கு உட்கார்ந்துவிடுவார்கள். அது உடற்பயிற்சி, நான் செய்வது பரிதாபம்!

மருமகன் தன் பங்குக்கு ஒரு இயந்திரம் வாங்கி வந்தார். அதன்மேல் சும்மா நின்றால் போதுமாம், அதுவே உடம்பை ஆட்டிக் கொழுப்பைக் கரைத்துவிடுமாம். ஏறி நின்றேன். பல்லெல்லாம் கடகடத்தது. சலிக்கிற மாவைப் போல என்னை உலுக்கி எடுத்தது. இறங்கி அதன்மேல் துணிக்கூடையை வைத்தேன்.

என்னைச் சும்மா விட்டது மனைவி மட்டும்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மண்டியிடுவேன், எழுவேன், வியர்த்து வழியும். அவள் சமையலறையில் இருந்தபடியே, "முடியலன்னா கூப்பிடுங்க, வர்றேன்" என்பாள். கூப்பிடாமல் வரமாட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டவன். மாதங்கள் போயின. ஒருநாள் கட்டிலைத் தொடாமல் எழுந்தேன்.

அந்த வாரம் பள்ளிவாசலில் வழக்கம்போல நாற்காலி காத்திருந்தது. நான் அதைப் பின்னால் தள்ளினேன். நண்பன் பதறி முன்னால் இழுத்தான். மறுபடி தள்ளினேன். தொழுகை தொடங்கிவிட்டதால் அவனும் கையைக் கட்டிக்கொண்டான்.

நெற்றி கம்பளத்தில் பட்டது. அந்தப் பழைய கம்பள வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குள் ஏதோ உடைந்து கண்ணீர் கொட்டியது. அடுத்து எழ வேண்டும். தொடை வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. எழுந்து நின்றேன்.

தொழுகை முடிந்ததும் பாய்ந்து என் கையைப் பிடித்தான். "விழுந்திருந்தா என்ன செய்வீங்க நானா?"

"விழுந்தா எழுந்திருப்பேன். இப்பப் பார்த்தியே!"

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்சுவரை நோக்கி நடந்தேன். "குடுங்க, குடுங்க" என்று அவனோடு இன்னும் இரண்டு பேர் அதைப் பிடுங்க ஓடி வந்தார்கள்.

"தொடாதே!" என்றேன். பள்ளிவாசலுக்குள் அவ்வளவு சத்தம் கூடாதுதான்.

அடுக்கின்மேல் அதை நானே தூக்கிப் போட்டேன்.