வாசல்தோறும் நிற்கும் வண்டி

சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவரிடம், "யாரோடு சுற்றி வாங்கினாய் இதை?" என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். எச்.ஐ.வி. என்றால் மட்டும் நம் எல்லோருக்கும் நீதிபதி வேலை கிடைத்துவிடுகிறது.

கிராமம் கிராமமாக அலைந்து இந்தக் கிருமியைத் தடுக்கப் பாடுபடும் ஆலோசகர் ஒருவரை எனக்குத் தெரியும். ஊரார் வைத்த பெயர் வண்டியக்கா. உதைத்தால்தான் கிளம்பும் பழைய வண்டியில் யார் கண்ணையும் உறுத்தாமல் வந்து போய்க்கொண்டிருந்தார். மேலிடம் அவரைப் பாராட்டிப் புது ஸ்கூட்டர் கொடுத்தது. முன்னால் சிவப்பு ரிப்பன் படம், பின்னால் 'எச்.ஐ.வி. தடுப்பு' என்று கொட்டை எழுத்து. ரகசியம் காப்பதுதான் முதல் பாடம் என்று பயிற்சி கொடுத்ததும் இதே மேலிடம்தான்!

அந்த ஸ்கூட்டர் ஒரு தையல்காரியின் வாசலில் நின்றது. எந்தத் தெரு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவள் கர்ப்பிணி, பரிசோதனையில் கிருமி தெரிந்திருந்தது. மாத்திரையை விடாமல் போட்டால் பிள்ளைக்குப் போகாமல் தடுத்துவிடலாம். ஆனால் மறுநாளே எதிர்வீட்டுக்காரி தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். துணியில் ஒட்டுமாம்! ஒட்டாது என்று எத்தனை முறைதான் சொல்வது? மாத்திரை யார் கண்ணிலாவது பட்டால் மிச்சப் பிழைப்பும் போய்விடும் என்று பயந்து, தையல்காரி அதை நிறுத்திவிட்டாள்.

"இனிமே வராதீங்கக்கா. உங்க வண்டி நின்னா என் வாசல்ல வேற யாரும் வந்து நிக்க மாட்டேங்கறாங்க."

"வயித்துல இருக்கற பிள்ளைய நெனச்சுப் பாரும்மா."

"அதுக்கு சோறு போட நான் தைக்க வேண்டாமா?"

வண்டியக்கா நேராக அதிகாரியிடம் போனார். "சார், அந்த எழுத்த அழிச்சுக்கறேன்."

"அதெப்படிம்மா? விழிப்புணர்வு!"

"ஊரு நல்லாவே முழிச்சிருக்கு சார். வண்டி எந்த வாசல்ல நிக்குதுன்னு கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்குது."

அனுமதி கிடைக்கவில்லை. அதன்பின் வண்டியக்கா தெருவில் ஒரு வீடு விடாமல் நிறுத்த ஆரம்பித்தார். ஆணுறை, பரிசோதனை என்று எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு.

மளிகைக் கடைக்காரர் குதித்தார். "இங்க எதுக்கும்மா நிறுத்தற? எங்க மானம் போகுது!"

"எல்லாருக்கும் சேந்து போனா யாருக்கும் போகலண்ணே. ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

எதிர்வீட்டு வாசலிலும் வண்டி நின்றது. இனி யாரைச் சந்தேகப்படுவது என்று தெருவுக்குப் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரியே அதே துணியோடு தையல்காரியிடம் திரும்பி வந்தாள். தையல்காரியும் மறுபடி மாத்திரை போட ஆரம்பித்துவிட்டாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆனால் அந்தத் தெருவின் வாத்தியார் மட்டும், வண்டிச் சத்தம் கேட்டதும் கேட்டைப் பூட்டுகிறார். அறிவியல் பாடம் எடுக்கிறவர்! அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் பூட்டினால், வண்டி நிற்கும் வீடுகள் மறுபடி தனியாகத் தெரியும். தையல்காரி மறுபடி பயப்படுவாள்.

உங்கள் தெருவுக்கும் அப்படி ஒருவர் வருவார். கதவைத் திறங்கள். உட்காரச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வண்டி உங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கட்டும், பக்கத்து வீடுகள் நன்றாகப் பார்க்கும்படி.