மாமாவின் முப்பாட்டனைத் தேடி லா சப்பலுக்கு

2018 ஒக்டோபரில் என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு மொன்றியலிலிருந்து பாரிசுக்குப் போனேன். ஜில் சான்சூசி, எழுபத்திரண்டு வயது, பிரெஞ்சு பேசும் கெபெக் மாகாணத்துக்காரர். பிரான்சிலிருந்து கனடாவுக்குக் கப்பலேறிய தங்கள் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்ற பதிவைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. எங்கள் வழக்கப்படி பிள்ளைக்குத் தகப்பனின் பெயரை, அதாவது என் பெயரை, குடும்பப் பெயராகப் போட முடிவுசெய்திருந்தோம். அவள் ஒரே பிள்ளை என்பதால் சான்சூசி என்ற குடும்பப் பெயர் அவளோடு நின்றுவிடும். அதை மாமாவிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முப்பாட்டனைக் கண்ட சந்தோஷத்தில் அவர் இருக்கும்போது மெல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

சான்சூசி என்றால் கவலையில்லாதவன். படைவீரர்களுக்கு இப்படிப் பட்டப்பெயர் வைத்து, சொந்தக் குடும்பப் பெயரோடு சேர்த்தே பதிவது அந்தக் காலத்து வழக்கம். படைவீரராகக் கப்பலேறிய முப்பாட்டனின் சொந்தப் பெயர் வினே, பதிவில் அவர் 'சான்சூசி எனப்படும் வினே'. எங்கள் ஜில்லோ விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே போய்க் குந்தியிருப்பவர்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் கார் து நோர் நிலையத்துக்கு ரயிலில் 10.30 யூரோ, முப்பத்தைந்து நிமிடம். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆவணக் காப்பகம் போனோம். மெத்ரோ 1.90, நுழைவு இலவசம். முப்பாட்டன் பாரிசின் சென் லோரான் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர் என்று கெபெக் திருமணப் பதிவு சொல்கிறது. காப்பகத்தில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினார். பாரிசின் பழைய பங்குப் பதிவேடுகள் 1871இல் எரிந்துபோனவையாம். இது இணையத்திலேயே இருக்கிறது. "எல்லாம் பார்த்தாயிற்று" என்று ஜில்லிடம் அளந்தவன் நான்தான்.

சென் லோரான் தேவாலயத்தையாவது பார்ப்போம் என்று போனோம். ஜில் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பதினைந்து நிமிட நடை. பசியோடு இருந்தால் துக்கம் இரட்டிப்பாகும் என்று ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு கொத்துரொட்டியும் தேநீரும் பதினெட்டு யூரோ.

ஜில் மேசையில் விரித்திருந்த திருமணப் பதிவின் பிரதியைக் கடை முதலாளி எட்டிப் பார்த்தார். முப்பாட்டனைத் தேடி வந்ததையும் எங்களுக்குப் பிள்ளை பிறக்கப்போவதையும் சொன்னேன்.

"பட்டம் எங்கடை ஊரிலையும் இருக்குத்தானே தம்பி. ஆனா ஆள் இல்லாத நேரம் பாத்துத்தான் சொல்லுவம். இவையள் கலியாணக் கடுதாசியிலையே ஏத்திப்போட்டினம்!" என்று சிரித்தார். "என்ரை அப்பா கொடிகாமத்தை விட்டு அங்காலை போகேல்லை. இஞ்சை பேப்பியே, கடுதாசி எல்லாத்திலையும் அவற்றை பேர் குடும்பப் பேராப் போச்சுது. இப்ப பாரிசுக்குப் பக்கத்திலை ஸ்தேனிலை என்ரை பேரப்பிள்ளையளும் அந்தப் பேரோடைதான் பள்ளிக்கூடம் போகுதுகள். அதுசரி, உங்கடை பிள்ளைக்கு ஆற்றை பேர்?"

கரண்டியைத் தட்டில் வைத்தேன். "என்ன கேட்கிறார்?" என்றார் ஜில். பொய் சொல்ல மனம் வரவில்லை. பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஜில் பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். "இந்த முப்பாட்டனுக்கு மூன்று மகன்கள். ஒருவன் வினேயை வைத்துக்கொண்டான். மற்ற இருவரும் அதை விட்டு வெறும் சான்சூசி ஆனார்கள். நாங்கள் விட்டவர்களில் ஒருவனின் வழி. வினே போனதற்கு எங்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லை, யாருக்கும் தெரியாது" என்றார். "சான்சூசி போவது எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் அழுவேன். நீ உன் பெயரைப் போடு."

சொன்னபடியே அழுதார். முதலாளி தண்ணீரோடு ஓடிவந்தார். "கொத்து உறைச்சுப்போட்டுதோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

இதேபோல் தேடிப் போகிறவர்களுக்கு: பதிவேடு எரியாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெபெக் பதிவுகளில் இரண்டு பெயர்களையும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதிக் குடும்பம் தவறிவிடும். ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் இடம் பிடித்துச் சாப்பிடப் பொறுமை வேண்டும்.

தை மாதம் மகள் பிறந்தாள். கெபெக்கில் பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர் போடலாம். படிவத்தில் என் பெயரை எழுதினேன். அந்த மனிதர் அழுததைப் பார்த்த பிறகு அத்தோடு நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் சான்சூசியையும் எழுதினேன். கட்டம் போதாமல் வால் வெளியே போனது. எதை வைப்பது, எதை விடுவது என்று அவளுடைய பிள்ளைகள் அடிபட்டுக்கொள்ளட்டும்.