செவ்வாய், வெள்ளி, ஒன்பதரை மணி

காலை ஒன்பது இருபத்தெட்டுக்கு எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது. இடது கையில் காபி, வாயில் கவ்விய ரொட்டித் துண்டு, வலது கையில் கார்ச்சாவி. ஆன்சில் தன் பழைய பச்சைக் காரில் ஏறுகிறார். இரண்டு கார் தாராளமாக நிற்கும் தன் வீட்டு வாசலிலிருந்து அதை வெளியே எடுத்து, தெருவைக் கடந்து, என் வீட்டு ஜன்னலுக்கு நேராக நிறுத்தி, எஞ்சினை அணைக்கிறார். பிறகு எங்கும் போவதில்லை. பதினொரு மணி வரை உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகிறார். போக வர மொத்தம் எண்பது அடிப் பயணம்.

செவ்வாயும் வெள்ளியும் இது தவறாது. ஊரில் என் சொந்தக்காரர்கள் அம்மன் கோயிலுக்குப் போகிற நாட்களில் இவர் காருக்குள் போய் உட்காருகிறார். பக்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு அவசியமும் இல்லை, ஆனால் நியூயார்க்கின் புரூக்ளினில் கார் வைத்திருந்தவர்களுக்கு இந்த வியாதி புரியும். அங்கே அவர் தெருவில் செவ்வாயும் வெள்ளியும் ஒரு பக்கம் முழுவதையும் ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை காலி செய்ய வேண்டும், பெருக்கும் வண்டி வரும். எல்லோரும் எதிர்ப்பக்கம் இரண்டாம் வரிசை போட்டுக் காருக்குள்ளேயே காத்திருந்து, வண்டி போன மறுநொடி பாய்ந்து இடம் பிடிப்பார்கள். ஆன்சில் பதினோரு வருடம் பாய்ந்தவர். பேப்பர் படிப்பது, நகம் வெட்டுவது, கரீபியன் தீவான ட்ரினிடாடில் இருக்கும் அம்மாவிடம் போனில் திட்டு வாங்குவது எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். கல்யாணமும் அதிலேயே முடிந்துவிட்டது. முன்னால் நின்ற காரின் பாட்டரி ஒருநாள் செத்துப்போனது. அதிலிருந்து இறங்கி வந்தவர் கிங்கா, போலந்துக்காரப் பெண்.

"கண்ணாடியத் தட்டி, 'பாட்டரி ஒயர் இருக்கா?'ன்னு கேட்டா. இருக்குன்னேன். 'அப்ப ஏன் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? எறங்கு'ன்னா. அன்னைக்கு எறங்கினவன்தான் ஆன்ட்டி, இன்னும் நிமிரல."

அதன் பிறகு நான்கு மாதம் செவ்வாயும் வெள்ளியும் அவர்களுக்குக் காதல் நாட்கள். பண்டிகை என்றால் பெருக்குவது கிடையாது, யாரும் காரை நகர்த்த வேண்டாம், எனவே சந்திப்பும் கிடையாது. அதில் தீபாவளியும் சேர்த்தி. "மோதிரத்தப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன், உங்க தீபாவளி வந்து ஒரு வெள்ளிக்கிழமையத் தின்னுடுச்சு" என்று இன்றைக்கும் என்னைக் குறை சொல்கிறார், பண்டிகையைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பதுபோல.

ஆன்சிலுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. மதிய ரயிலில் நகரத்துக்குப் போய் நாற்பது மாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர். எங்கள் புறநகரில் உயரமான கட்டடம் நூலகம், இரண்டு மாடி. முதல் வாரமே போய் அதன் லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டு, "பிரேக் தேயுது, யார்கிட்டயாவது சொல்லுங்க" என்று நூலகரைப் பயமுறுத்திவிட்டு வந்தார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் உடனே திரும்பி, லிஃப்டுக்குள் நிற்பதுபோல வாசலைப் பார்த்துத்தான் நிற்பார். மனிதர்களையும் அப்படியே பிரித்து வைத்திருக்கிறார்: பொத்தானை ஒருமுறை அழுத்துகிறவர்கள், விடாமல் குத்துகிறவர்கள். "நீங்க ரெண்டாவது ரகம் ஆன்ட்டி. தப்பா நெனைக்காதீங்க, கிங்காவும் அதேதான்."

அவர்கள் புரூக்ளினை விட்டதற்குக் காரணம் ஹாலினா. நான்கு வயது, அப்பாவின் முடி, அம்மாவின் குரல், இரண்டும் தெருக்கோடியிலிருந்தே தெரியும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அவளுக்குத் துணி அலமாரிக்குள் மெத்தை போட்டிருந்தார்கள். "பள்ளிக்கூடத்துல உன் வீட்டப் படமா வரைன்னாங்க. எம்பொண்ணு தொங்குற சட்டை ஒண்ணையும் ரெண்டு ஹேங்கரையும் வரஞ்சா. அன்னைக்கே பெட்டியக் கட்டிட்டேன்" என்றார் கிங்கா.

வந்த ஏப்ரல் மாதத்தில் இங்கே எதுவுமே அவர்களுக்குக் கைவரவில்லை. புரூக்ளினில் மாலையானால் வாசற்படியில் உட்கார்ந்துதான் ஊர் வம்பு. இங்கே யாரும் வீட்டுக்கு முன்னால் உட்காருவதில்லை, எல்லாம் பின்பக்கம், வேலிக்குள். தெரியாமல் முன்புல்வெளியில் இரண்டு நாற்காலி போட்டார்கள். ஒரு கார் வந்து நின்றது. இங்கே விற்கிற சாமானைத்தான் முன்புல்வெளியில் போடுவார்கள்; நாற்காலி விற்பனைக்கா என்று கேட்டார்கள். ஆன்சில் எழுந்து, தான் உட்கார்ந்திருந்ததைத் தூக்கி அவர்கள் டிக்கியில் வைத்துவிட்டு வந்தார். "ஆசையாக் கேட்டாங்க, குடுத்துட்டேன்." கிங்கா மூன்று நாள் பேசவில்லை. இப்போது அங்கே ஒற்றை நாற்காலி நிற்கிறது.

பூங்காவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கிங்காவிடம், அப்பாவைப்போல் கறுப்பாக இருக்கும் ஹாலினாவை எந்த நாட்டிலிருந்து தத்தெடுத்தீர்கள் என்று உருகி உருகிக் கேட்டாள். "தத்தா? பெத்தேங்க. பதினெட்டு மணி நேரம். அவ அப்பாவக் கேளுங்க, அவர் நடுவுல மயங்கி விழுந்து, நர்சுங்க என்னை விட்டுட்டு அவரத்தான் பாத்தாங்க" என்றார் கிங்கா. இதை என்னிடம் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. காரணம் இருக்கிறது.

அவர்கள் வந்த இரண்டாவது வாரம், என் வீட்டு வாசலில் மரத்தடியில் ஒரு பச்சைக் கார் நிற்பதைப் பார்த்தேன். உள்ளே தலையை மூடும் குல்லா வைத்துத் தைத்த சட்டை போட்ட ஒரு கறுப்பர், சும்மா உட்கார்ந்திருந்தார். செவ்வாயும் பார்த்தேன், வெள்ளியும் பார்த்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களில் கிங்காவை மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தேன். போலீசுக்குப் போன் செய்தேன்.

ஆம், நான்தான். நியூயார்க்கின் இன்னொரு பகுதியான குயின்ஸிலிருந்து பதினெட்டு வருடத்துக்கு முன் இந்தத் தெருவுக்கு வந்தபோது, நான் குழம்பு தாளித்ததற்கு யாரோ தீயணைப்பு வண்டியையே அனுப்பினார்கள். அனுப்பியது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் திரிந்தவள் நான். அவருடைய நிறம் காரணமில்லை, சட்டைதான் காரணம் என்று எனக்கு நானே ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஆன்சில் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். உரிமத்தில் இன்னும் புரூக்ளின் முகவரி இருந்தது, அதனால் பேச்சு நீண்டது. கிங்கா வீட்டுச் செருப்போடு, இடுப்பில் ஹாலினாவோடு ஓடிவந்தார். இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார் ஒரு போலீஸ்காரர்.

"தெரியுமாவா? காலைல எந்திரிச்சதுலேருந்து இவரோட ரெண்டு சண்டை போட்டுட்டு, இப்பத்தான் காபி குடுத்து அனுப்பினேன். மூணாவது உங்களோட போடணுமா?"

ஆன்சில் இதையும் வேடிக்கைக் கதையாக்கிவிட்டார். "காபி ஆறிப்போச்சு, அதுதான் எனக்குக் கோவம்" என்பார். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சட்டையை அவர் போடவில்லை. தூறல் விழுந்தாலும் கண்ணாடியை இறக்கியே வைத்திருக்கிறார். கைக்கு வேறு வேலை இல்லாத நேரமெல்லாம் இரண்டு கைகளும் ஸ்டியரிங்மேலேயே இருக்கின்றன. மரத்தடியை விட்டுவிட்டு என் ஜன்னலுக்கு நேராக நிறுத்தத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

கிங்காவுக்கு அது வேடிக்கையே இல்லை. புரூக்ளின் வாடகை வீட்டை அவர்கள் இன்னும் விடவில்லை. ஜூன் பதினைந்துக்குள் திரும்பி வரமாட்டோம் என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக நீண்டுவிடும், அங்கேயே போய் இன்னொரு வருடம் இருந்தாக வேண்டும். கடிதத்தில் ஆன்சில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கிங்கா போடவில்லை. போன வாரம் என் சமையலறையில் நின்று, என் காபியைக் குடித்துக்கொண்டு, காரணத்தைச் சொன்னார்:

"அந்தப் போனப் பண்ணது யாருன்னு தெரியாம என்னால இங்க இருக்க முடியாது ஆன்ட்டி. யாரப் பாத்து குட்மார்னிங் சொன்னாலும் 'இவளா இருக்குமோ'ன்னு தோணுது. ஒருத்தி, ஒரே ஒருத்தி, 'நான்தான்'னு வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். நாலு திட்டு திட்டிட்டு இங்கயே இருந்துடுறேன். இல்லேன்னா எம்பொண்ணு அலமாரியிலேயே தூங்கட்டும்."

நான் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

நேற்று வெள்ளி, ஜூன் பதினைந்து. பத்து இருபதுக்கு நான் வெளியே போய்க் கார் ஜன்னலருகே நின்றேன். ஆன்சில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆன்சில், அன்னைக்குப் போலீசுக்குப் போன் பண்ணது நான்தான்."

"தெரியும் ஆன்ட்டி." நிமிரவே இல்லை. "போலீஸ் வந்தப்ப காத்தே இல்ல, உங்க வீட்டு ஜன்னல் துணி மட்டும் ஆடுச்சு."

"அப்புறம் ஏன் கிங்காகிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க கதவ ஒடச்சிருப்பா. எனக்கு லிஃப்ட் கதவு மட்டும்தான் மாட்டத் தெரியும்."

"ஏன் இங்கயே வந்து நிறுத்துறீங்க? தெரு முழுக்க எடம் கெடக்கே."

நகவெட்டியை மடித்துப் பையில் போட்டார். "நீங்க ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் இருக்கப் போறீங்க. பக்கத்துலயே நின்னா, பாத்துப் பாத்து பழகிடும்னு நெனச்சேன். ரெண்டு மாசம் ஆகும்னுதான் நெனைக்கல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அது எனக்கே மிகவும் சின்னதாகக் கேட்டது.

"அத அவகிட்ட சொல்லுங்க." பக்கத்து இருக்கையில் கிடந்த கருவிப் பையைப் பின்னால் எறிந்தார். ஹாலினாவின் பிஸ்கட் தூளைக் கையால் தட்டிவிட்டு, எட்டிக் கதவைத் திறந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். தலைக்கு மேலே செருகியிருந்த, கிங்கா இன்னும் கையெழுத்துப் போடாத கடிதத்தை உருவி, பேனாவோடு என் மடியில் வைத்தார். என் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் ஏற்றினார். நான்கு கதவுகளையும் ஒரே பொத்தானில் பூட்டினார். பிறகு, எதிரே அவர் வீட்டுக் கதவைப் பார்த்தபடி, ஹார்னை அழுத்தினார். ஒரே ஒருமுறைதான்.