அக்கா விட்டுப் படித்த வரிகள்

என் அக்காவை நான் ஒருமுறை பலர் முன்னிலையில் பொய்க்காரி ஆக்கினேன். அவர் சொன்னது பொய்தான், நான் சொன்னது மெய்தான். இருந்தும் தவறு என்னுடையது.

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வருகிற உங்கள் கையில் கொடுப்பதற்காக அக்காவின் மகள் இந்த மலரைத் தொகுத்திருக்கிறாள். அம்மாவைப் பற்றி நல்லதாக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டாள். நல்லதை எழுத உட்காரும்போதெல்லாம் இந்தத் தவறு குறுக்கே வந்து நிற்கிறது. இதைச் சொல்லாமல் அக்காவின் குணத்தைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பூசிமெழுகி எழுதத் தெரியாதவன் அல்ல. ஆனால் இந்த வயதில் அது வேண்டாம் என்று தோன்றுகிறது.

அக்கா இண்டூருக்குப் பக்கத்தில், மழையை நம்பிய கொஞ்சம் நிலமும் வரப்போரம் நின்ற புளியமரங்களுமாக இருந்த எங்கள் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். கன்னியர் நடத்திய பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை போனார். குரல் கணீரென்று இருக்கும். கோயிலில் வாசகம் வாசிக்க உபதேசியார் அக்காவைத்தான் தேடுவார். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. அக்காவின் பள்ளி அன்றோடு முடிந்தது. அடுத்த மாதம் என் பள்ளி தொடங்கியது. என் சட்டைக்குப் பொத்தான் வைத்ததும், தலைக்கு எண்ணெய் வைத்ததும், வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததும் அவர்தான்.

அக்காவைக் கட்டியவர் லாரி ஓட்டுநர். மச்சான் அதிகம் படித்தவரல்ல. ஆனால் சேலம், ஓசூர் என்று எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் பஸ் நிலையக் கடையில் தொங்கும் மாத நாவல்களில் ஒன்றை அக்காவுக்கென்று வாங்கி வருவார். அட்டையில் பெண் சிரித்துக்கொண்டிருந்தால் வாங்குவார், அழுதுகொண்டிருந்தால் வைத்துவிடுவார். அவருடைய தேர்வு முறை அவ்வளவுதான். நான்கு ஆண்டுகள் அப்படிப் போயின. பிறகு தொப்பூர் இறக்கத்தில் பாரம் ஏற்றிய வண்டி நிற்கவில்லை. அக்கா கைக்குழந்தையோடும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நாவல்களோடும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. ஊரில் உள்ள புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்தார். உலுக்கி, காயவைத்து, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து தருமபுரி மண்டிக்கு அனுப்பினார். அந்தப் புளிதான் என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தது. என் வகுப்புத் தோழர்கள் என் சட்டையை முகர்ந்து பார்த்துக் கேலி செய்வார்கள். அதற்கு வெட்கப்பட்டவன் நான். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் எங்கள் களத்தில் கொட்டை எடுக்க வந்த பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும். நோன்பிருக்கும் தபசு காலம் முழுக்க அக்கா கதைப் புத்தகத்தைத் தொடமாட்டார். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை பெட்டி திறக்கும். வேப்பமரத்து நிழலில் புளியைக் குவித்துப் பெண்கள் சுற்றி உட்காருவார்கள். அக்கா மரத்தில் சாய்ந்து நாவலை உரக்கப் படிப்பார். எல்லாம் காதல் கதைகள். மலைமேல் தேயிலைத் தோட்டம், அதற்கு ஒரு முதலாளி, அவனிடம் தட்டச்சு வேலைக்கு வரும் ஏழைப் பெண், பங்களாவுக்கு வெளியே எப்போதும் பனி. சித்திரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு பெண்கள் அந்தப் பனியைக் கேட்பார்கள். "குளுருதுங்கக்கா, கொஞ்சம் வெயில்ல வெச்சுப் படிங்க" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். மற்ற களங்களைவிட எங்கள் களத்தில் வேலை மெதுவாகத்தான் நடந்தது. அக்கா அதைப் பொருட்படுத்தியதில்லை.

அந்தக் கூட்டத்தில் கெம்பம்மாள் என்று ஒருவர். அக்காவின் வலது கைப்பக்கம் ஒட்டி உட்காருவார். அவருக்கு ஒரு காது கேட்காது. அது எப்படிப் போனது என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். சில நாள் அவர் கை வீங்கியிருக்கும். அன்றைக்கு அவர் பங்குப் புளியையும் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். பேச்சில்லாமல் நடக்கும் அது.

நான் வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் கோடை விடுமுறை. சேலத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் படிக்க ஒரு மாத நாவல் வாங்கினேன். தமிழாசிரியன் காதல் கதை படிப்பதை யாரும் பார்க்கக்கூடாதென்று அட்டையைப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தேன். வீட்டுக்கு வந்ததும், குப்பை என்று சொல்லி அக்காவிடம் போட்டேன்.

மறுநாள் அக்கா அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நான் களத்தோரம் கட்டிலில் கிடந்தேன். முதலாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் சண்டை வந்தது. கோபத்தில் அவன் முகம் சிவந்தது. அடுத்து அக்கா படித்தார்: அவன் ஒன்றும் பேசாமல் வெளியே போனான், வாளியில் தண்ணீர் எடுத்தான், தன் காரைத் தானே கழுவினான், கழுவி முடிக்கும்போது கோபம் போயிருந்தது.

அப்படி அந்தப் புத்தகத்தில் இல்லை. நேற்றுதான் படித்தவன் நான். எழுந்து போனேன். "அக்கா, அதுல அப்படியா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன். வகுப்பில் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவன் அவளைப் பளாரென்று அறைந்தான், எரிகிற கன்னத்தோடு அவள் அவனுடைய அன்பை முதன்முதலாகப் புரிந்துகொண்டாள் என்று அங்கே அச்சாகியிருந்தது. "இவ்வளவு நாளா உங்க அக்கா இப்படித்தான் அளந்து விட்டுக்கிட்டு இருந்திருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தேன். பெண்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கெம்பம்மாள் கையில் எடுத்த புளியை அப்படியே பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த வூட்லயும் அடிதானுங்களா?"

அக்கா என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். விட்ட இடத்திலிருந்து அச்சில் இருந்தபடியே படித்தார். அறையும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் கெம்பம்மாள் இடம் மாறி, கேட்காத காது அக்கா பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் ஒவ்வொரு நல்ல கட்டத்திலும், "இது நெசமாலுமே போட்டிருக்குதுங்களா, இல்ல உங்களுதுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று நாளில் அக்கா புத்தகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்தக் கோடை முடியும்வரை களத்தில் புளி ஓடு நொறுங்கும் சத்தம்தான்.

விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட எதுக்குடா கேக்கற? அதுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? கெம்பம்மாளுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க மச்சானுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவாரு, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் வந்தது. மச்சான் லாரியைக் கழுவுவார். ஒருமுறை மழையில் நின்று கழுவியதை நானே பார்த்திருக்கிறேன். அக்கா பொய் சொல்லவில்லை. தான் பார்த்த ஒரு வீட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அக்காவின் கடைசி நாட்களைச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் கண்ணை மங்கவைத்தது, பிறகு சிறுநீரகத்தைப் பிடித்தது. தருமபுரிக்கும் வீட்டுக்குமாக ஓராண்டு அலைந்தோம். கடைசி வாரம், "வூட்டுக்குப் போவலாம்" என்று ஒரே பிடிவாதம். வீட்டில், நற்கருணை வாங்கிய மறுநாள், பேரனிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அமைதியாகப் போனார். நேரம் காலம் பார்க்காமல் வந்து போன மருத்துவருக்கும், முகம் சுளிக்காத செவிலியருக்கும், கூப்பிட்ட போதெல்லாம் ஆட்டோ எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், பங்குத்தந்தைக்கும், மாலை தவறாமல் வந்து செபமாலை சொன்ன அன்பியத்தாருக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தாயைத் தூக்கிச் சுமந்த மகளையும் மருமகனையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

அடக்கத்தன்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு கெம்பம்மாளும் வந்திருந்தார். அவருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி ஒரு வரியில் அடங்காது. ஏனென்றால் என் தவறுக்கு நான் தேடிய பரிகாரம் அவரிடம்தான் போய் முடிந்தது.

அந்தக் கோடைக்கு அடுத்த ஆண்டு தை மாதத்திலிருந்தே நான் நாவல் தேடத் தொடங்கினேன். கதாநாயகன் கைநீட்டாத நாவலாகப் பார்த்துப் பொறுக்கி அக்காவுக்குக் கொண்டுபோவது என் திட்டம். அந்தக் காலத்துக் கதைகளில் அது எவ்வளவு கடினம் என்று படித்தவர்களுக்குத் தெரியும். பஸ் நிலையக் கடைக்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படின்னா சமையல் புக்குதான் சார் இருக்குது" என்றார். ஆசிரியர் அறையில் என் மேசைமேல் இருந்த அட்டைப்படங்களைப் பார்த்து சக ஆசிரியர்கள் எனக்குப் பெண் பார்க்கச் சொல்லி வீட்டுக்கு எழுதப்போவதாக மிரட்டினார்கள். எப்படியோ ஒரு பை சேர்ந்தது. ஈஸ்டருக்கு ஊருக்குப் போய் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி வைத்தார். பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை நானே களத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கம் போவதற்குள், "வாத்தியாரே, பரிச்சை வெப்பீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி கொட்டாவி விட்டாள். கடைசியில் அவர்கள் அக்காவைப் படிக்கச் சொல்லி நச்சரித்தார்கள். அக்கா வெகுநேரம் மாட்டேன் என்றார். பிறகு உள்ளே போய், என் பையைத் தொடாமல், பெட்டியிலிருந்து மச்சான் வாங்கித் தந்த பழைய நாவல் ஒன்றை எடுத்து வந்தார்.

அதிலும் சண்டை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அக்காவின் குரல் தயங்கியது. அவர் எதைப் படிப்பது என்று யோசிப்பது எனக்குப் புரிந்தது. களத்தில் எல்லார் கையும் நின்றுவிட்டது. தூரத்தில் உட்கார்ந்திருந்த கெம்பம்மாள் திரும்பினார். அக்காவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

"வாத்தியாரே, நீங்க பாத்துச் சொல்லுங்க. அடிச்சானா?"

அக்கா புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் இருந்தது. அவன் அவள் கூந்தலைப் பற்றியிருந்தான், கை ஓங்கியிருந்தது, அடியும் விழுந்திருந்தது.

"அடிக்கலீங்க" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். அப்படி ஒண்ணும் போடலீங்க."

கெம்பம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் பக்கத்தில் இருந்தவளிடம், "வாத்தியாருக்குப் பொய்யும் சொல்ல வருது பாருடி" என்றார். களமே சிரித்தது. ஓராண்டுக்குப் பிறகு அக்கா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். கெம்பம்மாள் தன் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பழையபடி அக்காவின் வலது கைப்பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது கெடக்கட்டும், நீங்க சொல்லுங்கக்கா" என்றார்.

அக்கா என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கி, மூடி, மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, அந்தக் களம் இருந்தவரை, சண்டை வரும் இடங்களில் அவர் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. பார்ப்பதுபோல நடிக்கவும் இல்லை. அந்தக் கதையின் நாயகன் வீட்டை விட்டு வெளியே போனான். மலைப்பாதையில் பனிக்குள் நடந்தான். கோபம் தணிந்து, வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்து கதவைத் தட்டினான். அவள் உள்ளே இருந்தாள். அக்கா அடுத்ததைச் சொல்ல வாய் திறந்தார்.

"உடனே கதவத் தெறக்கக் கூடாதுங்கக்கா" என்றார் கெம்பம்மாள், கொட்டையை எடுத்தபடியே. "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

"சரி, நிக்கட்டும்" என்றார் அக்கா.