பிலோமினா எதிர்த்த ஒரே படம்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகப் பேருந்து சில்க் போர்டு சந்திப்பில் வழக்கம்போல நகராமல் நின்றிருந்தபோது ஜெயராஜின் செய்தி கைப்பேசியில் வந்தது. 'பிலோமினா அக்கா இன்னிக்கு காலைல போயிட்டாங்க. அடக்கம் நாளைக்கு.' படித்தவுடன் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கப்போகிற உங்களில் பலர் அவரையும் அறிந்தவர்கள், என்னையும் அறிந்தவர்கள். 'அப்போ என் படம் என்ன ஆவது?' என்றுதான் தோன்றியது. அழுகை அதற்கப்புறம், பொம்மனஹள்ளி தாண்டித்தான் வந்தது.

எங்கள் கூட்டத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லிங்கராஜபுரத்தில் ஜெயராஜ் நடத்தும் அச்சகத்தின் மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை இருபது பேர் கூடுவோம். ஆளாளுக்கு ஒரு படத்தை முன்மொழிவோம், தொண்டை வறளச் சண்டை போடுவோம், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். அடுத்த மாதம் அந்தப் படத்தைச் சத்தம் குறைத்து ஓடவிட்டு ஒருவர் காட்சி காட்சியாக அலசுவார். ஆரம்பத்தில் படத்தைப் பிடித்தவர்களே அலசினார்கள். ஒரே புகழ்மாலையாக இருந்தது. "பிடிச்சவன் பேசினா ஆராதனைப்பா. பிடிக்காதவன் பேசட்டும், அவன்தான் முழுசா பாப்பான்" என்று ஜெயராஜ் விதியை மாற்றினார். அன்றிலிருந்து ஒரு படத்தை யார் அதிகம் எதிர்க்கிறாரோ அவர்தான் அதை அலச வேண்டும். யாரும் எதிர்க்காத படத்துக்குப் பேச ஆளில்லை, அது தள்ளுபடி.

அந்த விதி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

பிலோமினாவுக்கும் எனக்கும் ஒரே வயது. கோலார் தங்கவயல்காரர். சுரங்கத் தொழிலாளியின் மகள். பொம்மசந்திராவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவர். தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. நான் காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவன், சினிமாவைப் பற்றி இரண்டு அலமாரி புத்தகம் வாங்கி வைத்திருப்பவன். யார் பேச்சுக்கு மாடி காது கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

ஒருமுறை ஒரு போலீஸ் படத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ஒளியமைப்பு, கேமரா கோணம், ஒன்றையும் விடவில்லை. மூலையில் நாற்காலியிலிருந்து பிலோமினா மெதுவாகக் கேட்டார்: "அந்த வூட்ல நாலு பேரை வெட்டிப் போட்டாங்களே, அடுத்த சீன்ல தரை பளபளன்னு கீதே. யாரு சார் தொடச்சாங்க?" மாடி சிரித்து அடங்கிய பிறகு யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அந்தத் தரையைப் பற்றியே மீதி மாலை போயிற்று.

இன்னொரு முறை அவர் ஓர் அம்மன் படத்தை முன்மொழிந்தார். (படங்களின் பெயர்களை எழுதாமல் விடுகிறேன், எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள்.) பாம்பு ரப்பர் என்று குழந்தைக்கும் தெரியும் படம். எழுந்து கிழிகிழியென்று கிழித்தேன். "சாருக்கு இவ்ளோ கோவம் வருதே, ஜாஸ்தி நல்லா பேசுவாரு" என்றார் பிலோமினா. விதி விதிதானே. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். அதில் வரும் பெண்கள் கணவனிடம் எதையும் பாதியில் விழுங்கிவிடுகிறார்கள், முழுதாக ஒரு வாக்கியம் பேசுவது அம்மன் முன்னால் மட்டும்தான் என்பதைக் கண்டுபிடித்தேன். அதைச் சொன்ன அன்று நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய் அவரிடம், "அக்கா, உங்க செலக்‌ஷன்னா செலக்‌ஷன்தான்" என்றார்கள். வெந்து நொந்து சமைத்தவன் நான், பாராட்டு அரிசி வாங்கி வந்தவருக்கு.

அவர் முன்மொழிந்தார் என்பதற்காகவே எதிர்த்தேன், மறைப்பானேன். அதனால் அவர் படங்களையெல்லாம் நானே அலச வேண்டி வந்தது. இத்தனை வருடத்தில் நான் பேசியவற்றில் யாராவது நினைவு வைத்திருக்கும் பேச்செல்லாம் அவர் படங்களைப் பற்றியவைதான். இதை எண்ணும்போது வயிறு எரிகிறது. அவர் இறந்த பிறகும் எரிகிறது.

எனக்கென்று ஒரு படம் உண்டு. ஆலை மூடி வேலை போன ஒருவன் வீட்டில் சொல்லாமல் இருக்கும் கதை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருக்க, மனைவி பரிமாறிக்கொண்டே இருக்க, கேமரா அவன் முகத்தை விட்டு நகராது. கல்லூரி நாளிலிருந்து அதை முப்பது முறையாவது பார்த்திருப்பேன். கூட்டத்தில் ஆறு முறை முன்மொழிந்தேன். ஆறு முறையும் எல்லோரும் தலையாட்டி, "நல்ல படம் சார்" என்றார்கள். எதிர்ப்பில்லை, ஆகவே தள்ளுபடி. என் படத்தை மரியாதையாலேயே கொன்றார்கள்.

பிலோமினா மட்டும் எதிர்த்திருந்தால் அவர் பேசியாக வேண்டும். அந்தக் கண் என் படத்தின் மேல் ஒரு முறை படாதா என்று எனக்கு ஏக்கம். ஆனால் அவர் எந்தப் படத்தையும் எதிர்த்ததில்லை, அதனால் ஒரு முறைகூட அலசியதுமில்லை. ஒரு ஞாயிறு பேருந்து நிறுத்தத்தில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "சும்மாவாவது என் படத்தை ஒரு தடவை எதிருங்களேன்."

"பேடா சார், வேணாம். நல்லாருக்கறத நல்லால்லன்னு சொன்னா வாய் கோணிக்கும்."

"உங்களுக்கு எந்தப் படத்துலயும் குறையே தெரியாதா?"

"எட்டு மணி நேரம் குத்தம் கண்டுபிடிக்கறதுதான் சார் என் பொழப்பு. ஞாயித்துக்கிழமையும் அதேவா?" என்று சிரித்துக்கொண்டே பேருந்தில் ஏறிப் போனார்.

போன மாதக் கூட்டம் அன்று வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வயிற்றில் நோய் என்று இரண்டு மாதம் வராதவர், மகள் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். கஞ்சி தவிர எதுவும் இறங்குவதில்லை என்றார் மகள். நான் பழக்கதோஷத்தில் ஏழாவது முறையாக என் படத்தைச் சொன்னேன். தலைகள் ஆடத் தொடங்கின. பிலோமினா கையை உயர்த்தினார்.

"நான் எதிர்க்கிறேன்."

ஜெயராஜே நம்பவில்லை. "என்னக்கா, நீங்களா?"

"ஆஸ்பத்திரில படுத்துக்கினு சாரோட படத்த திருப்பியும் பாத்தேன். அந்த ஆளு சாப்பிட முடியாம அழறாரு, சரி. பாவம்தான். படம் பூரா அந்தம்மா சோறு போட்டுக்கினே கீது. அது எப்ப சார் சாப்ட்டுச்சு? ஒரு வாய்கூட தின்னல. அது பசி படம் எடுத்தவங்களுக்குத் தெரியவேயில்ல. மிச்சத்த அடுத்த மாசம் சொல்றேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் படத்தைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து சாப்பாட்டுக் காட்சிகள். ஐந்திலும் அவள் நிற்கிறாள். ஒரு காட்சியில் அவள் வயிறு வரை தெரிகிறது, முகம் திரைக்கு வெளியே. முப்பது முறை பார்த்தவன் நான். மனைவி லதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது இப்பத்தான் தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் ஆசைக்காக அவர் பொய்யாக எதிர்த்திருக்கலாம் என்று பிறகு ஒரு நினைப்பு வந்தது. நோயாளி, நல்ல மனசு, போகிற காலத்தில் ஒரு தயவு. அப்படி இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாகவே இருந்திருக்கும், படமும் பிழைத்திருக்கும். ஆனால் குறையில்லாத சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டும் பெண்ணில்லை அவர். உண்மையாகத்தான் எதிர்த்தார்.

அடக்கத்துக்குத் தொழிற்சாலைப் பெண்கள் அடையாள அட்டை கழுத்தில் தொங்க நேராக வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருத்தி அழுதபடி என்னிடம் சொன்னாள்: "டெய்லி லஞ்ச்ல அக்கா ஒரு படம் சொல்லுவாங்க சார். இது ஏன் இப்டி, அது ஏன் அப்டின்னு பிரிச்சுப் பிரிச்சு சொல்லுவாங்க. டப்பாவத் தொறக்கவே மறந்துடுவோம்." மண் போட்ட கையோடு நின்றிருந்த நான் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நாங்கள் மாடியில் ஒரு வரி, இரண்டு வரியாகப் பொறுக்கியதை இவர்கள் தினமும் முழுச் சாப்பாடாகக் கேட்டிருக்கிறார்கள்.

நேற்று அஞ்சலிக் கூட்டம். ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு ஜெயராஜ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "விதிப்படி இந்த மாசம் சாரோட படம். எதிர்த்தது அக்கா. அக்கா இல்ல. வேற யாராச்சும் எதிர்க்கிறீங்களா? இல்லன்னா தள்ளிடலாம்." யாரும் கையை உயர்த்தவில்லை. சாரைப் புண்படுத்தக் கூடாது என்ற அதே பழைய மரியாதை. நான் கையை உயர்த்தி, "நான் எதிர்க்கிறேன்" என்றேன். ஜெயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி: அந்தம்மா எப்போது சாப்பிட்டாள்? 'மிச்சத்த அடுத்த மாசம் சொல்றேன்' என்று அவர் விட்டுவிட்டுப் போன மிச்சத்தை நானே தேடிக்கொண்டிருக்கிறேன். அடக்கத்துக்கு மறுநாளிலிருந்தே பார்க்கிறேன், மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. என்ன இருந்தாலும் பிலோமினா பேசியிருந்தால் இதைவிட நன்றாகப் பேசியிருப்பார்.