ஒரே ஒரு வார்த்தை கேட்டேன்

கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியேதான் என் வீட்டுக்காரர் விழுந்தார். அக்டோபர் மாதம். மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்றுபோன முதல் வாரம். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சைன் கிராஃப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கோடு மேலே ஏறி, வளைந்து இறங்கி, நடுக்கோட்டைத் தாண்டிக் கீழே போனது. அங்கேயே சாக்பீஸ் வழுக்கி, ஒரே இழுப்பாகப் பலகையின் அடிவரைக்கும் வந்துவிட்டது. நான் உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் போட்ட கத்தலில் ஓடிவந்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறேன். அவர் பெயர் ஞானராஜ். கணக்கில் பட்டம் வாங்கியவர், ஊருக்கே சார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு போய்விட்டது.

"உயிரோட இருக்கறதே பெரிய விஷயம்மா. பேச்சு வருமா வராதான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "அவருக்குப் புடிச்சது எதுவோ, அத அவரு கண்ணெதிர்ல செய்யுங்க. சும்மா சுவத்தப் பாத்து உக்கார வெக்காதீங்க."

அவர் குரல் எப்படிப்பட்டது என்று எங்கள் தெருவைக் கேளுங்கள். ஒரு பிள்ளை கணக்கைத் தவறாகப் போட்டால் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்து, "தப்பு!" என்பார். முக்கு டீக்கடை வரைக்கும் கேட்கும். "ஏங்க, மெதுவா சொன்னா கணக்கு வராதா? மானம் போவுது" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அந்த வாய்தான் அடைத்துப்போனது. திறப்பார், காற்றுதான் வரும். கண்ணீர் வரும். போகப்போக என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

சபையில் எல்லாரும் ஜெபித்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத ஸ்டெல்லா, உங்க வீட்டுக்காரரு இதே மேடையில நின்னு சாட்சி சொல்லுவாரு பாரு" என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தினமும் அவருக்கு வாய் துடைத்துவிடுகிறவள் நான். அத்தனை பெரிய விசுவாசம் எனக்கு எங்கே இருந்தது? பெரிதாகக் கேட்டு, கிடைக்காமல் போனால் செத்துவிடுவேன் என்று பயந்தேன். அதனால் சின்னதாகக் கேட்டேன். "ஆண்டவரே, ஒரே ஒரு வார்த்தை. என்னைத் திட்டற வார்த்தையா இருந்தாலும் பரவாயில்ல. அவரு வாயால நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." காலையிலும் மாலையிலும் இதேதான். வேறு எதையும் கேட்கவில்லை.

டியூஷன் பிள்ளைகள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அவர்கள் பரீட்சை அவர்களுக்கு, குறை சொல்லி என்ன? கூனிமேட்டிலிருந்து வருகிற ரிஸ்வானா மட்டும் வந்தாள். சார் எதிரில் உட்கார்ந்து, புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகக் கணக்கு சொல்லுவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அந்தப் பெண் என்னிடம் வந்து சொன்னாள்.

"ஆன்ட்டி, நீங்க கத்துக்கோங்க. நான் ஓரளவுக்கு கரெக்டா போட்டுடறேன். சாருக்கு தப்பா போடற ஆளுதான் வேணும்."

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பத்தாவதோடு நின்றவள். தப்பாகப் போட என்னைவிட ஆள் கிடைக்குமா?

குறுக்குக் கோட்டில் கோணம், நிமிர்ந்த கோட்டில் மதிப்பு என்று ரிஸ்வானா ஆரம்பித்தாள். சைனுக்குப் பூஜ்யத்தில் பூஜ்யம். தொண்ணூறில் ஒன்று. நூற்றெண்பதில் மறுபடி பூஜ்யம். இருநூற்றெழுபதில் மைனஸ் ஒன்று. முந்நூற்று அறுபதில் திரும்பவும் பூஜ்யம். புள்ளிகளை வைத்துவிட்டு நான் ஸ்கேலை எடுத்துப் படபடவென்று நேர்க்கோடாக இழுத்துவிட்டேன். உப்பளத்தில் அப்படித்தானே, முளை அடித்துக் கயிறு கட்டி வரப்புப் போடுவோம். "ஐயோ ஆன்ட்டி, வரப்பு இல்ல இது! நடுவுல இன்னும் புள்ளி வைங்க, வளைஞ்சு போவும்" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தலை என் தாளின் பக்கம் திரும்பியிருந்தது.

அதற்கப்புறம் விடவில்லை. முப்பதில் அரை, நூற்றைம்பதிலும் அரை என்று இடையில் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டேன். பொங்கல் கழிந்து உப்பளத்தில் வேலை தொடங்கியது. விடியலில் போய், வெயில் ஏறியதும் திரும்பி, கைகாலில் உப்பு காய்ந்திருக்க அப்படியே அவர் எதிரில் உட்காருவேன். பலகையில் அவர் பாதியில் விட்ட கோட்டை அழிக்க மனசு வரவில்லை. ஒருநாள் துணிந்து அதை மைனஸ் ஒன்று வரைக்கும் இறக்கி, வளைத்து ஏற்றி முடித்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை மெல்லத் தூக்கி, காற்றில் அதே மாதிரி ஏற்றி இறக்கினார். காஸ் எளிதாக வந்தது. அதே அலைதான், பூஜ்யத்திலேயே ஒன்றில் நின்று தொடங்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்து டேன் கிராஃப் வந்தது. அது பூஜ்யத்தில் தொடங்கி, நாற்பத்தைந்தில் ஒன்றாகி, தொண்ணூறு கிட்டே போகப்போக வானத்துக்கு ஏறுகிறது. தொண்ணூறில் அதற்கு மதிப்பே கிடையாது. தாண்டினதும் அடியாழத்திலிருந்து இன்னொரு கோடு ஏறி வருகிறது. நடுவில் வெறும் இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வரப்பில் உடைப்பு இருந்தால் பாத்தித் தண்ணீர் முழுக்க ஓடிவிடும், கண்டதும் மண்ணைப் போட்டு அடைப்பதுதான் எங்கள் பழக்கம். மேல் கோட்டின் நுனியையும் கீழ்க் கோட்டின் நுனியையும் சேர்த்து சாக்பீஸால் ஒரே இழுப்பாக இழுத்து அடைத்தேன்.

பின்னாலிருந்து மேஜையில் ஓர் அடி விழுந்தது. இடது கை.

"த... தப்பு!"

சாக்பீஸ் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. ரிஸ்வானா "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லுங்க, இன்னொரு தபா" என்று கதறினேன். கோபம் குறையாமல் பலகையைக் காட்டி மறுபடி சொன்னார். எந்த வார்த்தைக்காக நான் வெட்கப்பட்டேனோ, அதையே கர்த்தர் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஒன்றுதான். வேறு வார்த்தை வரவே இல்லை. தண்ணீர் கேட்டாலும் தப்பு, பசித்தாலும் தப்பு, நான் பாட்டை இழுத்துப் பாடினாலும் தப்பு. எந்தத் தப்பு எதற்கு என்று எனக்குப் பழகிவிட்டது. சிலர் என்னிடம், "வாழ்க்கையும் சைன் கோடு மாதிரிதான் சிஸ்டர், கீழ போனா மேல வரும்னு சாட்சியில சொல்லுங்க" என்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். அவர் வலது கை கடைசிவரைக்கும் மேலே வரவில்லை.

அடுத்த மழை வருவதற்கு முன்பே இரண்டாம் முறையும் பக்கவாதம் வந்துவிட்டது. கடைசி நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு ஜெபித்தேன். ஜெபம் பாதியில் அழுகையாகிவிட்டது. "நான் உங்கள சரியா பாத்துக்கலயேங்க. கூட இன்னும் நல்லவ ஒருத்தி இருந்திருந்தா பொழைச்சிருப்பீங்களே" என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு, மேஜையை அடிக்காமல், கத்தாமல், மெதுவாகச் சொன்னார்.

"தப்பு."

சகோதர சகோதரிகளே, இப்போது நான் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைத் தனியாகப் படிக்கிறேன். சனிக்கிழமைகளில் காலேஜிலிருந்து ரிஸ்வானா வருகிறாள். கொட்டகையில் மறுபடி பிள்ளைகள் உட்காருகிறார்கள். டேன் போடும்போது அந்த இடைவெளியை நான் அடைப்பதில்லை. கர்த்தர் கேட்கிறார், அது எனக்குச் சத்தியமாகத் தெரியும். பயப்படாமல் கேளுங்கள். என்னைப்போலக் கஞ்சத்தனமாக மட்டும் கேட்காதீர்கள். நான் ஒரு வார்த்தை கேட்டேன், ஒரு வார்த்தை கொடுத்தார், அவருக்கு ஸ்தோத்திரம். கூடவே என் பெயரையும் கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் அழுகிறேன்.