எட்டுப் போட்ட பெல்ட்

எங்கள் வீட்டார் செய்த முதல் மர இழைப்பு மெஷின் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு டிராக்டரில் போனது. வழி நெடுக அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். உட்கார மனம் வரவில்லை. தச்சரான அப்பா மரத்தில் அச்சு செதுக்கி, வார்ப்படத்துக்குக் கொடுத்து, சித்தப்பாவோடு ஒரு வருஷம் அரத்தால் ராவி ராவிச் செய்த மெஷின். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான், ஐ.டி.ஐ.யில் கற்றதை வைத்துப் படம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மரம் அறுத்து விற்கும் விழுப்புரத்து மரவாடிக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "தேக்குப் பலகை ஒண்ணு இழைச்சுக் காட்டு. மழமழன்னு வந்தா மெஷின் இங்க நிக்கட்டும். இல்லன்னா வந்த டிராக்டர்லயே ஏத்திக்கினு போய்டு." அவர் வேண்டாமென்றால் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் தொடமாட்டார்கள்.

வாடியில் இறக்கி, அங்கிருந்த கரண்ட் மோட்டாரில் பெல்ட் மாட்டி, சூடம் காட்டி, அப்பா சுவிட்சைப் போட்டார். என்ன சத்தம்! அப்பா பலகையை வைத்துத் தள்ளினார். சீவல் வரவில்லை. பலகைதான் வெடுக்கென்று அவர் கையைவிட்டுப் பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதியது.

வாடிக்காரர் சிரித்தார். "இன்னா மேஸ்திரி, இழைக்கிற மெஷின் கேட்டா ராக்கெட் செஞ்சிக்கினு வந்துகிறியே?"

கத்திக்குச் சாணை போதவில்லை என்று நினைத்து, அப்பா ஸ்பேனரை எடுத்தார். சித்தப்பா டிராக்டர்காரரிடம் ஓடினார். "அண்ணே, போய்டாதீங்க."

அப்போதுதான் பெல்ட்டைப் பார்த்தேன். எட்டுப் போல முறுக்கிக் கிடந்தது. மெஷின் செய்த எங்கள் கொட்டகையில் கரண்ட் இல்லை. கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினில்தான் மெஷினை ஓட்டிப் பார்ப்போம். அது எதிர்ப்பக்கம் சுற்றும், அதனால் பெல்ட்டை முறுக்கி மாட்டுவோம். அந்தப் பழக்கத்தில் அப்பாவின் கை இங்கேயும் முறுக்கிவிட்டது; கத்தி தலைகீழாகச் சுற்றிப் பலகையைத் தள்ளிவிட்டிருக்கிறது.

"அப்பா, கத்திய உடு! பெல்ட்ட நேரா போடு!"

"இத ஜல்தியா சொல்றதுக்கு இன்னாடா?" என்றார் சித்தப்பா.

நேராக மாட்டி ஓட்டினோம். பலகை நகர நகர, அடியிலிருந்து சீவல் குபுகுபுவென்று பறந்து வாடிக்காரர் வேட்டியெல்லாம் கொட்டியது. அவர் பலகையைத் தடவினார், கன்னத்தில்கூட வைத்துப் பார்த்தார்.

"நிக்கட்டும்யா. கோலியனூர்ல எம் மச்சானும் வாடி வச்சிகிறான். அவனுக்கும் ஒண்ணு செய்யி."

காலி டிராக்டரில் திரும்பும்போது அப்பா சொன்னார்: "அடுத்த அச்சுல எந்தப் பக்கம் சுத்தணும்னு அம்பு செதுக்கிடலாம். நீ வரைஞ்சு குடு."

பையிலிருந்த சாக்பீஸால் டிரெய்லர் பலகையிலேயே வரைந்து காட்டினேன். அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் பெருசா போடு."